ஒரே விட்டத்தில் இரண்டு ஏணை

ராத்தா, பேத்தி வீட்டில் இப்போது கரண்ட் ஏணை. சுவிட்சைத் தட்டினால் அதுவாக ஏறி இறங்குகிறது. மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு சத்தம் வேறு. என் கொள்ளுப்பேரன் அதில் கிடந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டுவதற்கு ஆளே வேண்டாமாம். கொஞ்சம் முன்னால் சுங்கை லாலாங் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஏணை நின்றது, பிள்ளை வீறிட்டான். நான் எழுந்து போய் சாரோங்கைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்துவிட்டேன். மேலே ஸ்பிரிங் கிரீச்சென்றது. அந்த ஒரு சத்தத்தில் நான் திகாம் பத்துவில், உங்கள் கடையின் பின்கட்டில் நின்றேன்.

உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறேழு மாதமாக நெஞ்சில் வைத்திருக்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி கைப்பேசியில் தட்டுகிறாள், நம் பாக்கியத்தின் மகள். "மெதுவா லா, தாத்தா" என்கிறாள். மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். அவசரமாகச் சொல்லக்கூடிய சேதி இல்லை அது.

வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. நிலாவில் மனுஷன் கால் வைத்துவிட்டான் என்று தோட்டத்துக் கிராணி வீட்டு ரேடியோ சொன்ன வருஷம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோலாலம்பூரில் கலவரம் என்று நம் பக்கமும் ஊரடங்கு போட்டார்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்களுக்கு இனி வேலை பெர்மிட் கிடையாது என்று ஆகி, லயத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டினார்களே, அதுவும் அந்த வருஷம்தான். அந்த வருஷம்தான் என் அஞ்சலை பாக்கியத்தைப் பெற்றுப் போட்டுவிட்டு ஜன்னி கண்டு போய்விட்டாள்.

டின் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கினாள். வேறு மார்க் டின் வாங்கலாம் என்று அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரரை ஊரே நானா என்று கூப்பிடும், உங்களை ராத்தா என்று. அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையின் அழுகையைக் கேட்டு நீங்கள் திரையை விலக்கிக்கொண்டு வந்தீர்கள், இடுப்பில் உங்கள் மகனோடு.

"யாரு புள்ள தம்பி?"

"அஞ்சலையோடது."

"மஞ்சத்தூள் வாங்க வருமே, எதுக்கெடுத்தாலும் சிரிச்சுக்கிட்டு, அந்த அஞ்சலையா?"

நான் தலையை ஆட்டினேன். "போயிட்டா ராத்தா" என்றேன். நீங்கள் உங்கள் மகனை நானாவின் கையில் திணித்துவிட்டு, "குடு இங்க" என்று என் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

நானா திரையைப் பார்த்துச் சொன்னார்: "யோசிச்சுக்க. பாலைக் குடுத்துட்டா அது நம்ம புள்ள. அப்புறம் நம்ம பயலுக்கு இந்தப் பொண்ணைக் கட்ட முடியாது."

"அவன் இப்பத்தான் குப்புற விழுறான். அதுக்குள்ள நீங்க பொண்ணு பாக்குறீங்களாக்கும்?"

"இல்ல, ஊர்ல ஒரு பொண்ணு கொறஞ்சு போச்சேன்னு சொன்னேன்."

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே பிள்ளையின் அழுகை நின்றிருந்தது. அஞ்சலை போனதிலிருந்து அந்த அழுகை நின்று நான் கண்டதில்லை. கடை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நானா ஒரு கோப்பி கொண்டுவந்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நம் நாளெல்லாம் ஒரே மாதிரி ஆயிற்று. இருட்டோடு தோட்டத்துப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன்னால் பிள்ளையை சாரோங்கில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பேன். நானா அடுப்பு மூட்டி ரொட்டிக்கு மாவு அடித்துக்கொண்டிருப்பார். "வந்துட்டாளா மகாராணி" என்பார். பின்கட்டில் ஒரே விட்டத்தில் இரண்டு ஏணை, இரண்டு ஸ்பிரிங். உங்கள் மகன் ஒன்றில், பாக்கியம் ஒன்றில். ஒன்று தூங்கினால் மற்றது முழிக்கும். நீங்கள் இரண்டு கயிற்றையும் இரண்டு கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு, கடைக்கு வெங்காயம் உரிப்பீர்கள். கண்ணில் தண்ணீர் வழியும். "அழுவுறியா?" என்று நானா கேட்டால், "வெங்காயம்" என்பீர்கள். வெங்காயம் இல்லாத நாளிலும் அதையேதான் சொல்வீர்கள்.

ரப்பர் பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு நான் நேரே ஓடி வருவேன். என்னைப் பிள்ளையைத் தொட விடமாட்டீர்கள்.

"போயி குளிச்சுட்டு வா தம்பி. பால் வாடை குடலைப் புரட்டுது."

"நீங்களும்தானே ராத்தா பால் குடுக்கிறீங்க?"

"உன் பால் மரத்துப் பால். இது மனுஷப் பால். வாயாடாம போ."

குளித்துவிட்டு வந்தால் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி வைத்திருப்பீர்கள். பாக்கியத்தின் கன்னத்தில் மட்டும் மைப்பொட்டு இருக்கும். உங்கள் கைவிரல் நுனியிலும் மை இருக்கும். "எங்க வழக்கம் இல்லதான். இருந்தாலும் அஞ்சலை எங்கிட்டாவது நின்னு பாத்தா, என் புள்ளைக்குப் பொட்டு எங்கேன்னு கேக்க மாட்டாளா?" என்றீர்கள். அஞ்சலையை இன்னும் எங்கேயோ நின்று பார்க்கிறவளாகப் பேசியது நீங்கள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் எனக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள்.

பிறகுதான் என் மாமனார் வந்தார். அவருக்கும் மாமியாருக்கும் சிவப்பு ஐ.சி. பெர்மிட் கிடைக்கவில்லை. பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறவேண்டும். அவர் கெட்டவர் இல்லை ராத்தா, நீங்களே பிறகு பலமுறை சொன்னீர்கள். மகளை இந்த மண்ணில் புதைத்துவிட்டு வெறுங்கையோடு ஊருக்குப் போக அவருக்கு மனசு வரவில்லை. லயத்தில் என்னிடம் பேத்தியைக் கேட்டார், நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், தாய்தகப்பன் இல்லாதவன், ஆண்பிள்ளை. நான் என்ன சொல்லிப் பிள்ளையை வைத்துக்கொள்வது? அவர் நேரே கடைக்கே வந்துவிட்டார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மா, நீங்க செஞ்ச புண்ணியத்துக்குக் கோடி கும்பிடு. பேத்தியைக் குடுங்க. கப்பல்ல ஏறணும்."

நீங்கள் ஏணைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றீர்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

"பெரியவரே, எங்க மார்க்கத்துல ஒரு சட்டம் இருக்கு. வயிறு நெறைய எங்கிட்ட பால் குடிச்ச புள்ள என் புள்ள. கடலைத் தாண்டிக் கொண்டுபோறதுன்னா நான் சம்மதிக்கணும். நான் சம்மதிக்கல."

மாமனார் நானாவைப் பார்த்தார். நானா அடுப்பைப் பார்த்தார்.

"அப்படியா பாய்?"

நானா தொண்டையைச் செருமினார். "பால் விஷயம்... எங்களுக்குப் பெரிய விஷயம்தான்" என்றார்.

கிழவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கோயிலில் கற்பூரத்தை அணைக்கப் பயப்படுவோமே, அப்படிப் பயந்தார். இன்னொருத்தர் சாமியின் சட்டம் அல்லவா. தன் சாமியாக இருந்தாலாவது வேண்டிக்கொண்டு மீறியிருப்பார். ஏணைக்குள் கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தார். பக்கத்து ஏணையில் உங்கள் மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"பேரை மட்டும் மாத்திராதீங்கம்மா. என் ஆத்தா பேரு அது."

"மாத்த மாட்டேன்" என்றீர்கள்.

அவர்கள் சாலையில் இறங்கிப் பஸ் ஏறும்வரை நீங்கள் அசையவில்லை. அப்புறம்தான் நானா கேட்டார்: "ஏம்மா, பால் குடிச்சா கல்யாணம் கட்டக்கூடாது. அம்புட்டுதானே? புள்ளையைப் புடிச்சு வச்சுக்கச் சட்டம் எந்தக் கிதாபுல இருக்கு?"

"என் மடியில இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். அன்றைக்குக் கடைக்கு வெங்காயம் உரிக்க ஆள் இல்லை.

பாக்கியம் பேச ஆரம்பித்தபோது முதலில் சொன்னது 'உம்மா'. உங்கள் மகன் உங்களைக் கூப்பிட்டதைக் கேட்டுச் சொன்னாள். லயத்தில் வந்து 'உம்மா, உம்மா' என்று அழுதால், பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தைக் காட்டி, "இந்தா, குடு ஒரு உம்மா" என்று முத்தம் கேட்பார்கள். பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும். தனக்குப் பசித்தால் எல்லாரும் ஏன் கன்னத்தை நீட்டுகிறார்கள் என்று அதற்குப் புரியவில்லை. உங்களிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. என்னை அவள் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நீங்கள் கூப்பிடுகிற மாதிரி. அப்பா என்று மாற்றுவதற்கு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "தம்பின்னு சொன்னா சோறு கெடையாது" என்று மிரட்டுவீர்கள். அவளும் சோற்று வாயோடு, "தம்பி அப்பா" என்பாள். ஒரே தட்டு, ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் இவளுக்கு. யாருக்கு மீன் பெரியது என்று அடித்துக்கொள்வார்கள்.

அவளுக்குக் கல்யாணமாகி, இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவள் பிறந்து காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்றார்கள். நான் விழித்தேன். உங்கள் மகன் தொப்பியோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"தம்பி, தொப்பியைக் கழட்டணுமோ என்னமோ..."

"காதுதானே குத்துறீங்க, பத்தரே? தலையில இல்லியே?" என்றீர்கள் பின்னாலிருந்து. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் குத்தியாகிவிட்டது. பிள்ளை அழுததைவிட அவன் அதிகம் அழுதான்.

நானா போன பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். பாக்கியம் ராவும் பகலும் உங்கள் கூடவே இருந்தாள். என்னிடம் ஒருநாள் சொன்னீர்கள்: "அந்தப் பெரியவரை ஏமாத்திட்டேன் தம்பி. பேத்தி முகத்தைத் திரும்பப் பாக்காமலே மவுத்தாயிட்டாரு. மறுமையில என் சேலையைப் புடிச்சுக் கேப்பாரு." அப்புறம் மகனைக் கூப்பிட்டு, "அவளுக்கு நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அண்ணன்னு நீ நிக்கணும். நான் சொன்ன பொய்யை நீதான் உண்மையாக்கணும்" என்றீர்கள். அவன் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

இனிமேல் சேதியைச் சொல்லிவிடுகிறேன், ராத்தா.

பாக்கியம் போய்விட்டாள். சீனி வியாதி. கிட்னி இரண்டும் போயிற்று. ரத்தம் சுத்தம் பண்ண சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு அவளை உங்கள் மகன்தான் தன் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். நான் பெற்றவன், உயிரோடு இருக்கிறேன். அவள் உங்கள் பக்கம் வந்துவிட்டாள்.

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தது. பெரியவர் ஒருத்தர் எழுந்து, "பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுறது?" என்று கேட்டார். உங்களுக்கும் தெரியும், எங்களில் பெண்பிள்ளை போனால் கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போட்டுத்தான் வழியனுப்ப வேண்டும். "அதுக்குத்தான் அண்ணன் தம்பி இல்லையே" என்று யாரோ மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பனே போட்டால் என்ன என்றார்கள். நான் எழுந்து பார்த்தேன், ராத்தா. திரும்பவும் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் துணிக்கடைப் பை. கூட்டம் விலகிவிட்டது. நேரே என்னிடம் வந்தான்.

"மாமா, எனக்கு மொறை தெரியாது. எப்படிப் போடணும்னு சொல்லுங்க."

மயில் கழுத்து நிறப் பட்டு. அவளுக்குப் பிடித்த நிறம். எனக்கு அது தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. விரித்துக் கழுத்துவரை போர்த்தினான். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவன் தங்கையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "உம்மாகிட்ட சொல்லு, போட்டுட்டேன்னு" என்றான். அவள் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நானும் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

ராத்தா, அங்கே என் மாமனார் சேலையைப் பிடித்தால் பயப்படாதீர்கள். பேரை மாற்றவில்லை என்று சொல்லுங்கள். பாக்கியம் என்று கூப்பிட்டுத்தான் எல்லாரும் அழுதோம். மீதியை அவளே சொல்லிக்கொள்வாள், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று.

கரண்ட் வந்துவிட்டது. பேத்தி சுவிட்சைப் போட எழுந்தாள், வேண்டாம் என்றேன். கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டியிருக்கிறேன். பிள்ளை தூங்கிவிட்டான்.

மாமனார் வந்த அன்றைக்குக் கடையில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். மாமனார் இல்லை, வாசலில் நின்ற மாமியார் இல்லை. நானா இல்லை, நீங்கள் இல்லை. ஏணையில் கிடந்த பாக்கியமும் இல்லை. என்னை விட்டால், ஒன்றும் தெரியாமல் பக்கத்து ஏணையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினானே, அவன் ஒருத்தன்தான். ஜுமுஆ தொழுதுவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான், மாமா பசியாறியாச்சா என்று கேட்டுக்கொண்டு.

இருக்கிறான், ராத்தா. உங்கள் ஜமால் இருக்கிறான்.