வண்டி சூடானதற்கு நான் காரணமில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காரைத் தவிர வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை. அந்தக் காய்ச்சலைப் பற்றி உன் அப்பா போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவு எடுத்தார். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, உன் அண்ணனைக் கூடத்துக்கு வரவழைத்து, என்னையும் அடுப்பை அணைத்துவிட்டு வரச்சொல்லி அதை அறிவித்தார். வண்டியில் சூடு காட்டும் முள்ளின் மேல் இனிமேல் கறுப்பு டேப் ஒட்டப்படும். முள் ஏறுவதைப் பார்த்துத்தான் நான் பதறுகிறேனாம், பதறுவதால் கிளட்சை மிதிக்கிறேனாம், மிதிப்பதால் முள் ஏறுகிறதாம். டேப்பை உன் அண்ணன் வெட்டிக் கொடுத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பதை இதுவரை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததில்லை.

நீயும் அவர்கள் பேச்சைக் கேட்டு, "அம்மா இனிமே வண்டி எடுக்க வேணாம், வயசாச்சு" என்று அண்ணனிடம் போனில் சொன்னாயாம். அதனால் நடந்ததை எழுதுகிறேன். சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன், முன்னால் நின்ற லாரி பின்னுக்கு வந்து வண்டியின் மூக்கை உடைத்தது. லாரிக்காரரே இறங்கி வந்து "தப்பு என்னுதுதாம்மா" என்றார். "நீ நின்ன இடம் சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னவன் உன் அண்ணன்தான். பட்டறையில் பம்பர், எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர், அதற்குப் பின்னால் சுற்றும் காற்றாடி எல்லாம் புதிதாகப் போட்டு, பெயிண்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி அனுப்பினார்கள். அன்றிலிருந்து வண்டி நெரிசலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் இதைப் பட்டறைக்காரரிடம் நானே சொன்னேன். நான் கேட்டதற்கெல்லாம் அவர் உன் அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். அப்பாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது, அப்பாவும் சொல்லிக்கொள்ளவில்லை. முதலில் தண்ணீர் குறைவு என்று ஊற்றினார். பிறகு குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினார். பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினார். காற்றாடி சரியாக ஓடுகிறதா என்று கேட்டேன், "நல்லாத்தான் சுத்துது சார், நீங்களே பாருங்க" என்று அப்பாவுக்குக் காட்டினார். சுற்றத்தான் செய்தது. மாற்றுவதற்கு வேறொன்றும் மிச்சமில்லாமல் போகவே, கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். "லேடீஸ் ஓட்டுனா கொஞ்சம் சூடாகத்தான் சார் செய்யும்." உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட காலத்திலிருந்து ஓட்டுகிறேன், இத்தனை நாள் சூடாகாமல் இருந்தது எந்த ஆண்பிள்ளை ஓட்டியோ தெரியவில்லை.

எனக்கு இதில் வீம்பு ஒன்றுமில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, காலை மடக்கிப் பழக்க உன் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவள் நான். அவளால் பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவில் காலை நீட்ட இடமில்லை. பழக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவளை வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது, டேப் ஒட்டிய புண்ணியத்தில் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல், மேம்பாலத்தடியில் பானெட்டிலிருந்து ஆவி வந்தது. பெரியம்மா "அடியே, நான் நடக்கிறதுக்குள்ள இது வெடிச்சிடும் போலிருக்கே" என்றாள். இறங்கி முன்னால் போய் நின்றேன். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, கணுக்காலில் சுடச்சுடக் காற்று அடித்தது. முன்பெல்லாம் மரத்தடியில் எஞ்சினை ஓடவிட்டால் காய்ந்த இலைகள் முன் கம்பியில் வந்து ஒட்டிக்கொள்ளும், நான்தான் பிய்த்துப் போடுவேன். விபத்துக்குப் பிறகு ஓர் இலைகூட ஒட்டியதில்லை. கைக்குட்டையை நீட்டிப் பார்த்தேன், என் பக்கமே பறந்தது. வண்டியை அணைத்து ஆறவிட்டு கார் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பட்டறையில் காற்றாடியின் இரண்டு ஒயரையும் வெட்டி ஒட்டும்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அதனால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டியது, உள்ளே இருக்கிற சூட்டை ரேடியேட்டர் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. அவர் ஒயரை மாற்றிக் கொடுத்தார், தண்ணீர் ஊற்றிக்கொண்டு நெரிசலிலேயே ஓட்டி வீட்டுக்கு வந்தேன். டேப்பைப் பிய்த்துப் பார்த்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா, "காத்து சரியில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். பட்டறைக்காரர் போனில் அப்பாவிடம், நல்லவேளை நீங்கள் கவனித்தீர்கள் என்றாராம். உன் அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, வண்டி நன்றாக இருக்கிறது, அம்மாவுக்குத்தான் ஓய்வு வேண்டும், தங்கையும் அதைத்தானே சொன்னாள் என்று சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். பெரியம்மாவைத் தானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் என்னிடம், பஸ் பாஸும் என்னிடம்.

மாப்பிள்ளையும் நீயும் குழந்தையும் குறைவில்லாமல் நன்றாயிருங்கள். குழந்தைக்கு என் முத்தம். உன் காரை எப்போதாவது ரிப்பேருக்கு விட்டு வாங்கினால் காற்றாடி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்காதே, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார். முக்கியமாக, அண்ணனிடம் போனில் சொன்னதைப் போனிலேயே திரும்ப வாங்கிக்கொள். நான் சொன்னால் அது கோபம், நீ சொன்னால் யோசனை.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஒரு வாரம் ஆகிவிட்டது. அண்ணன் தினமும் காரில்தான் ஆபீஸ் போகிறான், அங்கே வேலை அதிகமாம். பெரியம்மாவின் கால் போன வாரம் மடங்கிய அளவு இன்று மடங்கவில்லை.