நாலும் ஒரே பக்கம் சுற்றினால்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் ஏதும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என்னைக் கேட்டால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பொறுமைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்கிறார், அதனால் தையல் கடையில் வெட்டுகிற துணியை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். முப்பது வருஷம் கிரேன் கூண்டில் உட்கார்ந்து உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்த்த மனுஷர், மூட்டுவலி என்று சொல்லி வேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே என்று நீ அந்த ட்ரோனை வாங்கி அனுப்பினாய். உன் எண்ணத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய் நீ. மூன்றாவது வாரமே எதிர்க் கட்டடத்து ஆன்டெனாக் கம்பியில் கொண்டுபோய் மோதினார். இரண்டு இறக்கை முறிந்தது, ஒன்றில் பல் விழுந்தது. இறக்கை என்று சொன்னால் உடனே “அது ப்ரொப்பெல்லர்” என்று திருத்துகிறார், திருத்தத் தெரிந்தவருக்கு வாங்கத் தெரியவில்லை.

முதல் தடவை பழையதைக் கையில் எடுத்துப் போகாமலே, போன் உறை விற்கிற சந்துக் கடைக்குப் போய் “அதே மாதிரி குடுங்க, ஆரஞ்சு கலர்ல” என்று கேட்டு வாங்கி வந்தார். அளவு பெரிது, மாட்டிச் சுற்றினால் ஒன்றின் நுனி இன்னொன்றில் அடிக்கிறது. இரண்டாம் தடவை நீளம் சரி, நிறமும் ஆரஞ்சு. மொட்டைமாடியில் வைத்துக் கிளப்பினார், ஒரு சாண் எழும்பி அப்படியே கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து விழுந்து துடித்தது. காற்று சரியில்லை என்றார், மோட்டார் சரியில்லை என்றார், கடைசியில் நீ அனுப்பிய சாமானே சரியில்லை என்றார், அவரைத் தவிர எல்லாம் சரியில்லை. நான் அன்றைக்குச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன், அதுதான் தப்பு. மறுநாள் முறிந்த பழைய இறக்கையைப் பசை போட்டு ஒட்டி மாட்டிக் கிளப்பியிருக்கிறார். நான் ஓட்டல்காரர்களுக்குத் தைத்த வெள்ளைக் கோட்டுகளை மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன், ஒட்டின துண்டு பிய்த்துக்கொண்டு என் காதோரமாகப் பறந்து ஒரு கோட்டின் முதுகில் குத்தி நின்றது. என் முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் என்னைப் பார்த்து “பட்டுச்சா?” என்று கேட்டார். கண்ணெதிரே நிற்கிறேன், பட்டுச்சா என்று கேட்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் உடைந்தது, ஒட்டினது, புதிது எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, நானே வருகிறேன் கிளம்புங்கள் என்று அவரை இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

கடையில் போன் பழுது பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள், நல்ல பொறுமைசாலி. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே எல்லாவற்றையும் பரப்பி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு இறக்கையிலும் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கிறது, முதல் பாதி நீளம், மறுபாதி ஒரு சுற்றுக்கு எவ்வளவு காற்றைக் கடித்துத் தள்ளும் என்கிற கணக்கு. அதே எண்ணோடு ஆர் என்று ஒரு எழுத்து சேர்ந்திருந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றுகிற இறக்கை. இரண்டு அப்படி, இரண்டு இப்படி, குறுக்கு மூலைக்குக் குறுக்கு மூலை ஒரே ஜாதியாக மாட்டவேண்டும், நாலும் ஒரே பக்கம் சுற்றினால் கவிழ்ந்துதான் விழும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது சொல், இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டுச் சட்டை கோணுகிறது என்று துணியைத் திட்டுகிற கதைதானே இது. நான் அதைச் சொல்லவும் அவள் சிரித்துவிட்டு, “போன தடவையே சார்கிட்ட நம்பரைப் பாத்து எடுங்கன்னு சொன்னேன்மா, பாத்துட்டு சரியா இருக்குன்னாரு” என்றாள். நான் விடவில்லை, ஒரு இறக்கையை அவர் கையில் கொடுத்து, “என்ன போட்டிருக்கு, படிங்க” என்றேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், “அதே நம்பர்தான்” என்றார்.

நான் கொடுத்தது எழுத்தே இல்லாத பக்கம்.

அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள், தலையைக் குனிந்துகொண்டாள். சரியான எண்ணில் ஆரஞ்சு இல்லை, சாம்பல்தான் இருந்தது. அவர் ஆரஞ்சுதான் வேண்டும், காற்றைக் கொஞ்சம் கூடக் கடித்தால் என்ன என்று வேறு எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றார், மோட்டார் சூடாகி நடுவானத்திலேயே நின்றுவிடும் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. அவர் இத்தனை நாள் ஏன் அந்த நிறத்துக்காகக் குழந்தை மாதிரி அடம் பிடித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, வானத்தில் அது ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. நான் சாம்பலையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து மாடியில் நான் எழுத்தைப் படித்துப் படித்துக் கொடுத்தேன், அவர் மாட்டி முறுக்கினார், கைக்கு ஒரு குறையும் இல்லை. கிளப்பினதும் நூல் பிடித்தமாதிரி நேராக ஏறி நின்றது. நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து மாடிப் பக்கம் நகர ஆரம்பிக்கும்வரை. திடீரென்று அதை ஓட்டுகிற கருவியை என் கையில் திணித்து, “நீ புடி, அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல” என்றார். எனக்குத் தையல் மிஷினைத் தவிர எதையாவது ஓட்டத் தெரியுமா? அவர் பின்னால் நின்று, “பதறாத, அது எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் சொல்லு, எந்தப் பக்கம் தள்ளணும்னு நான் சொல்றேன்” என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல நான் தள்ளினேன், எப்படியோ உலர்த்தின துணிகளுக்கு நடுவில் இறக்கிவிட்டோம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மூட்டுவலியெல்லாம் இல்லையாம். கடைசி வருஷம் ஒருநாள் கீழே நின்று சைகை காட்டுகிற ஆளின் கை அவருக்குத் தெரியவில்லை, தொங்கின இரும்பு ஒருத்தன் தோளை உரசுகிற மாதிரி போயிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் அன்றைக்கே இறங்கி வந்து வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். “ஒருத்தன் தலைக்கு மேல சுமையை வச்சுக்கிட்டு, தெரியாத கண்ணோட எப்படி உக்காந்திருக்கிறது?” என்று என்னைக் கேட்கிறார். இரண்டு வருஷம்! தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் ஊசியில் நூல் கோர்க்கிறேன், எனக்கே தெரியாமல் மறைத்திருக்கிறார். டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கத்தினேன். “டாக்டர் பாக்காத வரைக்கும் சரி பண்ணிடலாம்னு நெனச்சுக்கலாம்ல” என்றார்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார், எனக்கெதற்குத் திட்டு என்று தெரியவில்லை. வருகிற புதன்கிழமை வலது கண், ஒரு மாதம் கழித்து இடது. நீ விமானம் பிடித்து ஓடிவர வேண்டாம், கடையைப் பூட்டிவிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, நீயும் அவர் பெண்தான். போன மாதம் அப்படி இருமிக்கொண்டே ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றாய். உடம்புக்கு ஏதாவது என்றால் வாயைத் திறந்து சொல், மாப்பிள்ளையிடமாவது சொல். இனிமேல் இந்த வீட்டுக்குச் சுற்றுகிற, பறக்கிற சாமான் எதுவும் அனுப்பாதே.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறையில்லாமல் இருக்க என் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவரே உன்னிடம் சொல்வதாக இருக்கிறார், காலையிலிருந்து தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள். நடுவில் நின்றுவிடுவார், அப்போது அவசரப்பட்டு நீ பேச ஆரம்பித்துவிடாதே, காத்திரு.

உன் அம்மா