கடைசிக் காட்சிவரை தவழ வேண்டும்

என் அன்பானவருக்கு,

அங்கே இருமல் விட்டதா? வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே மாமாவும் குட்டியும் நலம். என்னைப் பற்றி அப்படி எழுத வரவில்லை. மண்டை குழம்பிக் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் எடுத்ததும் ‘இன்னும் தவழ்றாள்ல?’ என்றுதான் கேட்கிறீர்கள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் எல்லாரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

குட்டியை வைத்து நம் வீட்டில் நீங்கள் எடுக்கும் படத்து வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலில் ஒரு பொருளையும் நகர்த்தவில்லை. ஜன்னலின் நீலத் திரைச்சீலையைத் துவைக்கவில்லை. அழுக்கு அப்படியே இருக்கிறது. குட்டியின் முடியைப் பழைய அளவுக்கே வெட்டி வைத்திருக்கிறேன். மஞ்சள் கவுன் அக்குளில் இறுக்குகிறது. தையலைப் பிரித்துவிட்டேன், கேமராவுக்குத் தெரியாது.

உங்கள் கேமராக்கார நண்பர் ஜன்னல் வெளிச்சம் பார்க்க வந்திருந்தார். ஒரே மதியத்தில் நடக்கிற கதையை, கைக்காசு சேரும்போதெல்லாம் ஒரு நாள் என்று எடுத்தால் திரைச்சீலை காத்திருக்கும், பல் காத்திருக்குமா என்று சிரித்தார். குட்டிக்கு முன்பல் எட்டிப் பார்த்ததை அவர்தான் கண்டுபிடித்தார். பல்லை முகம் காட்டாமல் சமாளித்துவிடலாம், நடக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் குட்டி நடக்கிறாள். நடக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் சோபாவிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்து ஒரு அடி வைத்தாள். அது நடையா, விழப் போனதா, இப்போது யோசித்தால் அதுவும் குழப்பமாக இருக்கிறது. மாமாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் கதை வந்து நின்றது. காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொள்ள, அம்மா வெளியே. உள்ளே நிற்கக்கூடத் தெரியாத குழந்தை, அவள் குரலைக் கேட்டுத் தவழ்ந்து தவழ்ந்து வருகிறது. அது எழுந்து நடந்துவிட்டால் படம் எங்கே போவது? ஓடிப்போய் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தேன்.

மாடி வீட்டு அக்கா, என் பையன் தெருவையே அளக்கிறான், உங்க மகாராணிக்கு எழுந்திருக்க மனசில்லையா என்று கேட்கிறார். மாமா முகம் வாடிப்போய், டாக்டரிடம் காட்டிவிடலாம் என்கிறார். படம் முடிந்ததும் நடப்பாள் மாமா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. என்ன பெண் நான்!

இதையெல்லாம்கூட உங்களிடம் சொல்லாமல் இருந்திருப்பேன். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். குட்டி நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் அசையவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தானாகவே தொப்பென்று உட்கார்ந்து கை தட்டினாள். வாடி தங்கம், எழுந்து வா என்று கையை நீட்டினேன். தவழ்ந்து வந்தாள். இன்று முழுக்க அப்படித்தான். சமையலறையிலிருந்து ஒளிந்து பார்த்தால் நிற்கிறாள். என் தலை தெரிந்தால் உட்கார்ந்துவிடுகிறாள்.

இது உங்கள் மேல் கோபமா, என் மேலா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளைப் பிடித்து வை என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் படம் நன்றாக வரவேண்டும் என்று உங்களைவிட எனக்குத்தான் ஆசை. ஆனாலும் அவள் நடக்கட்டும் என்று மனசு சொல்லும்போது, கை ஏன் அவள் தோளுக்கே போகிறது? மற்ற அம்மாக்களுக்கு இப்படியெல்லாம் நடக்குமா?

படப்பிடிப்பு நாள்வரை இருக்க வேண்டாம், அதற்கு முன்னால் ஒரு நாள் வந்துவிடுங்கள். கேமரா வேண்டாம், நண்பரும் வேண்டாம். வாசல் கதவருகே உட்கார்ந்து அவளைக் கூப்பிடுங்கள். நான் சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன், எட்டிப் பார்க்க மாட்டேன். அவள் உங்களிடம் நடந்து வந்தால், அங்கிருந்தே எனக்கு ஒரு குரல் கொடுங்கள்.

உங்களையே நம்பியிருக்கும்,
குட்டியின் அம்மா