வட்டைப் படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி

ஆடி 3, சனி

இன்று இருந்தவர்கள்: வட்டவிதானை சாமித்தம்பி (நம் வயல்வெளியான வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிறவன்), மகள் ராணி, அடுத்த வளவு நேசம், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். பேத்தி துஷா, மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். பூரணம், கல்குடாவில் மகள் வீட்டில். பூரணம் என் புருஷனின் தங்கை. ராணி பெரியவளான சாமத்திய வீட்டில் சோற்றில் கல் என்று சொல்லி இலையை மடித்துவிட்டு எழும்பிப் போனவள். அன்று ஊதாச் சேலை, வெள்ளிக் கரை. ராணிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது.

விடியவே வறட்டுக் கச்சான் காற்று. துணிக்கொடி இரண்டு தரம் அறுந்தது.

துஷாவின் கொம்பியூட்டர். ட்ரோன்காரர் மேலே இருந்து எடுத்த படங்களை ஒட்டி வட்டை முழுவதையும் ஒரே படமாக்கியிருக்கிறாள். திறந்து வைத்துவிட்டு, "அம்மம்மா, தொடப்படாது, என்ன?" என்று சொல்லிப் போனாள். தொடவில்லை. பார்க்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லையே.

அறுபது வருஷம் கால் வைத்த இடம். கொக்கு பார்க்கிற மாதிரி இன்றுதான் பார்த்தேன். மருத மரத்தின் உச்சந்தலை. வாய்க்காலுக்கு மூன்று வளைவு, இரண்டு என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பிள்ளையார் கோயில் கூரை, ஓடு உடைந்த இடம்கூட. என் இரண்டு ஏக்கர். ஒட்டினாற்போல் பூரணத்தின் வயல். ஒரு வரம்புகூட நேர் இல்லை. நேர் என்று சத்தியம் பண்ணிச் சண்டை பிடித்தவர்கள் எத்தனை பேர்!

அரை மணி நேரம் திரைக்கு முன்னாலேயே குந்தியிருந்தேன். காய்ச்சலோ என்று ராணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தனியே பார்க்க மனம் கேட்கவில்லை. சாமித்தம்பியைக் கூப்பிட்டேன். அவன்தான் முதலில் கண்டான், பச்சைக்கு நடுவே மஞ்சள் புள்ளி. கடுகளவு.

"பெரியம்மா, இது அறக்கொட்டிதான். வட்டமா எரிஞ்சிரிக்கி."

அறக்கொட்டிப் பூச்சி வந்தால் தண்டிலிருந்து சாற்றைக் குடித்துவிடும். ஒரு வயலில் விட்டால் கிழமைக்குள் வட்டை போய்விடும். தண்ணீரை வடிய விட்டால்தான் அடங்கும்.

"ஆர்ட வயல் இது? மேல இருந்து பாக்க ஒண்டும் விளங்குதில்ல."

எனக்கு விளங்கியது. எண்ணிப் பார்க்கவும் தேவை இருக்கவில்லை. "பூரணத்திட. நடுத் துண்டு."

சொல்லும்போது வாய் இனித்தது. இதை இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுகிறேன்.

"அவ வரட்டுமே அக்கா. கேட்டுச் செய்வம்" என்று நேசம் இழுத்தாள்.

"அவ வருமட்டும் பூச்சி பாயில படுத்திரிக்குமா?" இதைச் சொன்னதும் நான்தான்.

பின்னேரம் சாமித்தம்பி போய்ப் பார்த்தானாம். ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம், மஞ்சள் தெரிந்ததாம். எந்த வயலில்தான் ஒள்ளுப்பம் மஞ்சள் இல்லை? வரம்பில் தண்ணீர் போகிற வக்கடையை வெட்டி, இருந்த தண்ணீரை எல்லாம் வடிகாலுக்கு விட்டுவிட்டான்.

ஆடி 4, ஞாயிறு

இறால் சொதி. உப்புக் கூடிவிட்டது.

இரண்டு மணி பஸ்ஸில் துஷா வந்தாள். சோறு தின்னவும் விடாமல் நோயைக் காட்டினேன். பார்த்தாள். படத்தை விரலால் இழுத்தாள்.

வட்டை நகர்ந்தது. மருத மரம் போனது, வாய்க்கால் போனது, பூரணத்தின் வயல் போனது. புள்ளி போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது என் வயலில். இன்னும் இழுத்தாள், சாமித்தம்பியின் வயலில். இன்னும் இழுத்தாள், வாவித் தண்ணீரில். அங்கே மஞ்சள் மாறிக் கத்தரிப்பூ நிறம்.

மயிர்க்கூச்செறிந்தது. நிலமும் தண்ணீரும் கோயிலும் எல்லாம் இழுபட்டுப் போக, ஒன்று மட்டும் அசையாமல். சடங்குக் காலத்தில் அம்மன் வாசலில் நிற்கும்போது வருகிற அதே நடுக்கம். தாயே, பொறுத்துக்கொள்.

"அம்மம்மா, இது வயலில இல்ல. திரையில இரிக்கி."

"அப்ப துடை."

உலர்ந்த துணி. ஈரத் துணி. என் சேலைத் தலைப்பு. போகவில்லை. நிறுத்தித் திரும்பப் போட்டாள். இருந்தது. அதே படத்தைப் போனில் காட்டினாள். சுத்தப் பச்சை, புள்ளியே இல்லை.

பிறகு படத்தை மூடிவிட்டு நிறங்களை மட்டும் திரை நிறையப் போட்டாள். மறக்க மாட்டேன், என்றாலும் எழுதுகிறேன்:

கறுப்பில் – சிவப்பு
பச்சையில் – மஞ்சள்
நீலத்தில் – கத்தரிப்பூ
வெள்ளையில் – காணவே காணோம்

"கடிதம் அடிக்கிறதெல்லாம் வெள்ளையில. அதுதான் இவ்வளவு நாளும் எனக்குத் தெரியேல்ல" என்றாள். உள்ளே பொடிப் பொடி விளக்குகளாம். சிவப்பு, பச்சை, நீலம், மூன்று மூன்றாக. அதில் பத்துப் பதினைந்து சிவப்பு அணைய மறந்துவிட்டதாம். சிவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் சேர்ந்தால் மஞ்சளாம்.

"எனக்கே கதை விடுறயா? பாய்க்குச் சாயம் காய்ச்சினவள் நான். சிவப்பும் பச்சையும் சேந்தா ஊத்தை நிறம்."

"சாயம் வேற, வெளிச்சம் வேற. கிட்ட வாங்க."

விரலைத் தண்ணீரில் தோய்த்து வெள்ளைத் திரையில் ஒரு பொட்டுத் தெறித்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். துளிக்குள் வெள்ளை இல்லை. சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு, பச்சை, நீலம். நெருக்கி இழைத்த பாய் போல. துடைத்தால் வெள்ளை. திரும்பத் தெறித்தால் மூன்று நிறம். நாலு தரம் செய்வித்துப் பார்த்தேன். எழுபத்தாறு வயது. வேட்டி, பால், கொக்கு, சோறு எல்லாவற்றையும் வெள்ளை என்று நம்பியிருந்தவள். வாசலில் போய் இருந்து கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே வந்துதான் துஷா கேட்டாள். "பூரணம் ஆச்சிட வயல் தண்ணிய ஆர் வடிய விடச் சொன்ன?"

ஆடி 5, திங்கள்

சாமித்தம்பி வந்தான். புள்ளி தன் வயலுக்கு மேல் நிற்பதைத் தானே இழுத்துப் பார்த்தான்.

"அப்ப உன்ட தண்ணியையும் வடிய விடுவமா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

குளத்துத் தண்ணீர் இனி அடுத்த திங்கள்தான். அதற்கு முதல் திறக்க முடியாதாம்.

துஷாவோடு பூரணத்தின் வயலுக்குப் போனேன். இருபது இடத்தில் குனிந்து தண்டை விலக்கிப் பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை. இரண்டு நாள் கச்சானுக்கே மண் மயிர்க்கோடாக வெடிக்கத் தொடங்கிவிட்டது. நெல் பொதியில் நிற்கிறது, கதிர் இன்னும் தண்டுக்குள்ளே. இந்தக் கிழமை தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே மணி வராது. அவளுக்கு இந்த ஒரு வயல்தான். வருஷச் சோறு.

மூலையிலிருந்து ஏழாவது நெல் தூரில் தண்டைப் பிளந்து பார்த்தேன். பிஞ்சுக் கதிர். பால் வெள்ளை. (வெள்ளையா?)

வீட்டில் துஷா திரையில் எல்லா நிறத்தையும் மாறி மாறி மின்ன விட்டிருக்கிறாள். இப்படி விட்டால் சில விளக்குகள் சரிவருமாம். நாலு மணி நேரம். பாதி போய்விட்டது என்கிறாள். எனக்கு அப்படியே தெரிகிறது.

ஆடி 6, செவ்வாய்

பூரணம் வந்துவிட்டாள். பஸ்ஸால் இறங்கும் இடத்திலேயே நேசம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். பூரணம் என் வாசலுக்கு வரவில்லை. வந்திருந்தால் ஏசியிருப்பேன். அது லேசு.

என் வயல் அவளுடையதைவிட ஒரு சாண் உயரம். என்னிடம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.

"வரம்ப வெட்டினா உங்கட நெல்லுக்குத் தண்ணி காணாதும்மா" என்றாள் ராணி.

"பாதிக்குக் காணும்."

ஆடி 7, புதன்

விடியவே போனோம். ராணி, துஷா, நேசம், சாமித்தம்பி. ட்ரோன்காரரும் வந்தார்கள், உண்மையிலே எங்காவது அறக்கொட்டி உண்டா என்று பார்க்கத் துஷா கூப்பிட்டிருந்தாள். பூரணம் அந்தப் பக்க வரம்பில், குடையோடு. முப்பத்தொன்பது வருஷத்தில் செத்த வீடுகளில் மட்டும் கண்டது. இளைத்துப் போயிருக்கிறாள்.

மண்வெட்டியைச் சாமித்தம்பி கேட்டான். கொடுக்கவில்லை. மூன்று வெட்டு. தண்ணீர் இறங்கியது. வெடிப்புக்குள் போகும்போது குமிழி விட்டுக் குடித்தது. எல்லாரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அப்போது பூரணம், எல்லாருக்கும் கேட்கும்படி:

"மச்சாள், நான் ஒண்டும் மனசில வெக்கல்ல. வயசு போனாக் கண் தெரியாதுதானே. நான் உங்கள மன்னிச்சிட்டன்."

"பாத்தீங்களா, தங்கமான மனிசி" என்றான் சாமித்தம்பி. நேசம் கண்ணைத் துடைத்தாள். நான் மண்வெட்டியைக் கழுவினேன்.

பின்னேரம் துஷா புதுப் படத்தைப் போனில் காட்டினாள். பூரணத்தின் வயல் முழுக்க ஈரம் மினுங்குகிறது. நோய் எங்கும் இல்லை. நடு வரம்பில் வெள்ளையாக ஒரு பொட்டு. "இழுத்துப் பார்" என்றேன். இழுத்தாள். பொட்டும் வயலோடு சேர்ந்து போனது. அது நான். மேலே இருந்து பார்த்தால் அவ்வளவுதான் நான், நெல் மணி அளவு. நெடுநேரம் பார்த்தேன்.

படத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போன துஷாவை அன்றைக்கே மன்னித்தேன். சாமித்தம்பியை நேற்று. அணைய மறந்த சிவப்பு விளக்குகளின் மேல் கோபமே இல்லை, இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வாய்க்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கண் தெரியாதாம். புள்ளி நின்ற வயலை ஒரே பார்வையில் சரியாகச் சொன்ன கண்.

பூரணத்தை மன்னிக்க மாட்டேன்.