கையொப்பம் சரியாக உள்ளது

ஜூன் 3, செவ்வாய்

இன்று உறுதியானது: அலுவலகத்தின் பதினொரு கணினிகளில் ஒன்பதில், யாரும் கேட்காத விளம்பரங்கள் வருகின்றன. சொன்னவர் எங்கள் நாளிதழின் கணினிப் பிரிவு முழுவதும், அதாவது சிஸ்டம் மேடம். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான்.

காலையில் முகப்பு மேசைக்கு ஒரு குடும்பம் வந்தது, இறந்த பெரியவருக்கு அஞ்சலி அறிவிப்பு கொடுக்க. படம் சரியா என்று பார்க்கச் சொல்லித் திரையைத் திருப்பியிருக்கிறார்கள். பெரியவரின் நெற்றிக்கு மேலே சிவப்பு எழுத்தில்: 'பத்தே நாளில் பத்துக் கிலோ குறைய வேண்டுமா?' மகன் திரையைத் திரும்ப அவர்கள் பக்கமே திருப்பிவிட்டாராம். மருமகள்தான், "ஆறு மாசமா இளைச்சு இளைச்சுத்தாங்க போனாரு" என்று சொல்லிவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

மேலாளர் கூடத்தின் நடுவில் நின்று சத்தம் போட்டார். "இதெல்லாம் பாத்துக்கத்தானே ஒரு ஆள வெச்சிருக்கோம்?"

அந்த ஆளின் ஒப்பந்தம் இந்த முப்பதாம் தேதியோடு முடிகிறது. புதுப்பிப்பது மேலாளர் கையில்.

ஜூன் 4, புதன்

வைரஸ் தடுப்பு மென்பொருள் 'அபாயம் ஏதுமில்லை' என்கிறது. இதே வாக்கியத்தை வாசிக்கும் அதிகாரிகளைப் பத்திரிகைக்காரனாக முப்பத்தொரு ஆண்டாகப் பார்த்துவருகிறேன்.

ஜூன் 5, வியாழன்

மேடம் பிடித்துவிட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தைக் கொண்டுவரும் கோப்புக்கு ஒரு கணினியில் கடிகாரத்தின் பெயர், இன்னொன்றில் வானிலையின் பெயர். "பேரு எடத்துக்கு எடம் மாறுது சார். கையெழுத்தப் பாருங்க, மாறவே இல்ல" என்றார். கோப்பின் விவரங்களைத் திறந்து, தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் என்ற பக்கத்துக்குப் போனார். ஒன்பது கணினியிலும் ஒரே நிறுவனத்தின் பெயர்.

"திருடறவன் கையெழுத்துப் போட்டுட்டா திருடுவான்?"

"திருட்டுன்னு எப்படி சார் சொல்றது? நிறுவும்போது ஒரு ஒப்புதல் வருமில்ல, அதுல அம்பத்திரண்டாவது வரியில 'விளம்பரம் காட்டுவோம்'னு சொல்லியிருக்கான். நாமதான் 'சம்மதம்' அமுக்கிட்டோம். கையெழுத்தும் இருக்கறதால வைரஸ் தடுக்கற காவல்காரனும் சலாம் போட்டு உள்ள விட்டுட்டான்."

இனி ஒவ்வொரு பெயராகத் துரத்த வேண்டாமாம். இந்தக் கையொப்பம் உள்ள எதையும் ஓடவிடாதே என்று ஒரே கட்டளை போதுமாம். போட்டுவிட்டார். விளம்பரம் நின்றது.

கையொப்பத்தின் கீழே ஒரு வரி இருந்தது: 'இந்தக் கையொப்பம் சரியாக உள்ளது.' எங்கோ பார்த்த வரி. எங்கே என்று அலுவலகத்தில் வைத்து யோசிக்கத் துணிவில்லை. வீட்டுக்கு வந்து மின்னஞ்சல்களைத் தேடினேன்.

ஏப்ரல் 11. நான் எல்லோருக்கும் அனுப்பியது: "பழைய எழுத்துருவில் உள்ள நம் பழைய செய்திகளைப் புது எழுத்துருவுக்கு மாற்ற இலவச மென்பொருள் கிடைத்துள்ளது. கையொப்பத்தைச் சரிபார்த்தேன். முறையான நிறுவனம். நம்பி நிறுவலாம்." கீழே என் பெயர், பதவி.

மொட்டைக் கடிதம் என்றால் கிழித்துப் போடு, கையெழுத்து இருந்தால் விசாரி — புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது. 'விசாரி'யை மட்டும் விட்டுவிட்டேன். கையெழுத்து யார் என்று சொல்லும். அவர் யோக்கியரா என்று அது எப்போது சொன்னது?

ஜூன் 6, வெள்ளி

தேநீர் இடைவேளையில் மேடம் மெதுவாக, "சார், முதல்ல ஏறினது உங்க மெஷின்லதான். ஏப்ரல் பதினொண்ணு, காலைல பத்து இருபது" என்றார்.

"மேலாளர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இல்ல. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"இன்னொரு ஆதாரமும் கெடச்சிட்டா..."

"உங்க மெயில் இருக்கே சார்."

கோப்பையைக் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பை.

ஜூன் 8, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தப்ப ஒத்துக்குவாரா அமைச்சர்னு போன வாரம் எழுதினது யாரு? நீங்கதானே?"

"அது வேற."

"ஆமா. அவருக்குப் பதவி போகும். உங்களுக்கு மூஞ்சிதான் போகும். அந்தப் பொண்ணுக்கு வேல போகுது. தலையணை உறையப் பிடிங்க, மடிக்கணும்."

ஜூன் 9, திங்கள்

மேலாளர் விடுப்பு. மகிழ்ச்சியடைந்தேன் — பதிவுக்காக எழுதிவைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

விளக்கக் கடிதம் எழுதினேன். முதல் வரைவு: "மேற்படி மென்பொருள் கவனக்குறைவால் நிறுவப்பட்டுவிட்டது." யார் நிறுவினார் என்று தேடினால் அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. செய்தித் தவறுகளுக்கு வருத்தம் தெரிவிக்கும் இரண்டாம் பக்கத் திருத்தப் பெட்டிக்கு முப்பத்தொரு ஆண்டு எழுதிய கை. அதற்கு வேறு எப்படி வரும்?

பிற்பகல், செய்தி ஆசிரியர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். 'கணினிப் பொறுப்பாளர் தேவை.' மேலாளர் கொடுத்தது, நாளை வெளியாக வேண்டும், மொழியைச் சரிபார்க்க வேண்டும். மேடம் நான்கு மேசை தள்ளி, என் கணினியில் நான் செய்த அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சே! என்ன மனுஷன்டா நீ?

தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். "இதுல மொழி சரியா இருக்கு. விஷயம்தான் தப்பு. அந்த மென்பொருளக் கொண்டுவந்தது நான். எல்லாரையும் போடச் சொன்னதும் நான்." மின்னஞ்சல் நகலையும் வைத்தேன்.

மேலாளர் படித்தார். பிறகு — இதை அப்படியே எழுதுகிறேன் — எழுந்து என் கையைக் குலுக்கினார். "இந்தக் காலத்துல யார் சார் இப்படி ஒத்துக்கறாங்க!" 'தேவை' விளம்பரத்தை நிறுத்திவைத்தார். கணினிப் பாதுகாப்புக்கு ஒரு குழு அமைத்தார். அதன் தலைவர் நான். மேடத்தின் ஒப்பந்தத்தைப் பற்றிக் குழு பரிந்துரைக்க வேண்டும்.

வீட்டுக்குத் தீ வைத்தவனிடம் தீயணைப்புத் துறையையே கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

குழு கூடியது. நான் மட்டும். ஒரு மனதாகத் தீர்மானித்தேன்: ஒப்பந்தம் இரண்டு ஆண்டு, எந்தக் கணினியில் எதை நிறுவுவது என்ற அதிகாரம் முழுவதும் அவருக்கே.

பரிந்துரையை அவரிடம் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கூசியிருக்கும்.

"அம்பத்திரண்டாவது வரியில ஒண்ணும் இல்லியே சார்?"

"ஏழு வரிதாம்மா."

"அப்ப சரி."

ஜூன் 20, வெள்ளி

மேலாளர் பரிந்துரையை இன்னும் திறக்கவில்லை. அஞ்சலி அறிவிப்புக் குடும்பத்துக்கு என் பெயரிட்டு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். யார், எப்போது, என்ன செய்தார் — எல்லாம் முதல் வரியிலேயே.

ஜூலை 2, புதன்

முப்பதாம் தேதி மாலைதான் மேலாளர் பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார். இன்று காலை புதிய அச்சுப்பொறி வந்தது. அதற்கான மென்பொருளை நிறுவப் பார்த்தேன். 'உங்களுக்கு அனுமதி இல்லை. கணினிப் பொறுப்பாளரை அணுகவும்' என்றது திரை. அணுகினேன்.

"எழுதிக் குடுங்க சார். யார் தயாரிச்சது, எங்கேருந்து எடுத்தீங்க, எதுக்குன்னு."

"கையெழுத்து இருக்கும்மா, பாத்துட்டேன்."

"அதையும் எழுதுங்க. விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் நான்கு விண்ணப்பங்கள் இருக்கின்றன, முதலாவது மேலாளருடையது. அந்த விளம்பர மென்பொருள் நிறுவனத்துக்குக் கையொப்பச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு, அதை ரத்து செய்யச் சொல்லி மேடம் அனுப்பிய புகாருக்குத் திங்களன்று பதில் வரும். என் விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள்.