பாத்ரூம் அட்டை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிவிடுவேன். அதனால் கடிதம். மறுபடி காய்ச்சல் வந்ததா? விலா வலி விட்டதா? அம்மா உன்னைக் கேட்டபடியே இருக்கிறாள்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் பேசினார். "தண்ணி குடிக்கக்கூடக் கத்துக் குடுக்காம வளர்த்துட்டாங்க" என்று உன் மாமியார் தினமும் சொல்கிறாராம். வேடிக்கைபோலத்தான் சொன்னார். நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்த பிறகு கண்ணாடி பக்கம் போக முடியவில்லை.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான். ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்காமல் கிடந்தபோது, டாக்டர் கேட்பதற்குள் முந்திக்கொண்டு, "இவ சின்ன வயசுலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டா டாக்டர்" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். பொய். வெயிலில் விளையாடிவிட்டு வந்து பானையையே காலி செய்கிறாய் என்று அம்மாவிடம் திட்டு வாங்கியவள் நீ.

நம் தையல் கம்பெனியில் நாற்பது பேருக்கு ஒரே பாத்ரூம் அட்டை வைத்தது மேனேஜர் என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். அது என் யோசனை. நம் தையல் லைனில் சட்டை எண்ணிக்கை குறைந்த வாரம் அவர் என்னைப் பிடித்துக் கத்தினார். அட்டையை மாட்டிக்கொண்டு போன ஒருத்தி திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் போக வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஆன புதிது. பாராட்டியதும் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களும் காலையில் வந்தபடியே சாயங்காலம் நிறைந்து திரும்பிப் போயின. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்தபோது, பிள்ளைகளுக்கும் வரலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் சொன்னார். நீ அப்போது சின்னப் பெண். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருந்தும் ஒரே நாளில் மூன்றாவது தடவை நீ அட்டை கேட்டபோது, "தங்கச்சின்னா தனிச் சட்டமா? போய் உட்காரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை.

பத்து நாளுக்கு முன் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. பதினேழு பேருக்குச் சிறுநீரில் கிருமி. "ஏம்மா, தண்ணி குடிக்க எல்லாருக்குமா சோம்பல்?" என்று நர்ஸ் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு பயம் என்னிடம். அந்த அட்டையைக் கழற்றி நர்ஸ் முன் வைத்து, உன் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அட்டை போய்விட்டது. என்னையும் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது உன் மெஷினில் காலர் தைக்கிறேன். சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

சுருங்கிப்போன உன் ஒரு சிறுநீரகத்தை என்னால் திருப்பித் தர முடியாது. உன்மேல் சுமத்திய பழியையாவது இறக்கிவைக்கிறேன். இதை உன் மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. அக்கா மானம் போகுமே என்று ஒரு வரியையும் விட்டுவிடாதே. அடுத்த தடவை டாக்டரிடம் போகும் தேதியை மட்டும் எழுது. வந்து வாசலில் நிற்கிறேன். நீ கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா