வைப்பரைத் தூக்கி வைத்தது யார்

ஜனவரி 6, திங்கள்

காலையில் வண்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, விளக்கு, கடைசியாகப் பின்னால் போய் சைலன்சர் வாயைத் தோண்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். என் குட்டி லாரிக்கு எந்தக் குளிர்காலத்திலும் நான் இந்த வரிசையை மாற்றியதில்லை.

ஒசாகாவிலிருந்து தகாயோஷி போன் பண்ணினான். "அம்மா, கூரைல பனியோடயே ஓட்டுறியாமே. பிரேக் போட்டா மொத்தமும் முன்கண்ணாடில சரியும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான். மறந்துட்டியா? மாசக் கடைசில வர்றேன், சாவியக் குடுத்துடு."

யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு நோபுவாம்.

நோபு. பெரும்பனி விழுந்த வருஷம் கூரையில் பனியோடு வந்து, கண் தெரியாமல் என் வேலியை இடித்தவள் அவள். இன்றுவரை ஒரு மன்னிப்பு கிடையாது. நானா மறப்பேன்?

ஜனவரி 9, வியாழன்

நேற்று முட்டி வலி. வண்டியை நிறுத்தினதும் நேரே அடுப்படிக்கு வந்துவிட்டேன். வைப்பரைத் தூக்கி வைக்கவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே கிடந்தால் விடிவதற்குள் கண்ணாடியோடு உறைந்துபோகும் என்று படுக்கும்போதுகூட நினைத்தேன்.

காலையில் பார்த்தால் இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

நானே தூக்கினேனா? தூக்கிவிட்டு மறந்துவிட்டேனா? என் கல்யாணத்துக்கு யார் யார் என்ன கிமோனோ கட்டி வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். நேற்று நடந்தது எப்படிப் போகும்?

மறப்பது நான்தான் என்றால் தகாயோஷி வந்து கேட்க வேண்டாம். சாவியை நானே கொடுத்துவிடுவேன்.

குளிக்கப் போகவில்லை. வியாழக்கிழமை ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலுக்குப் போகாதது இந்தக் குளிர்காலத்தில் இதுதான் முதல் தடவை.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று ராத்திரி வேண்டுமென்றே வைப்பரை இறக்கிவிட்டுப் படுத்தேன். காலையில் மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறது. புதுப்பனிக்கு அடியில், நோபு வீட்டுப் பக்கமிருந்து வரிசையாகக் குழி குழியாய்த் தடம்.

நான் மறக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பனி அள்ளிக்கொண்டிருந்த நோபுவை வேலியோரமே பிடித்துக்கொண்டேன்.

"நீதானே என் வைப்பரத் தூக்குற?"

"ஆமா. இல்லன்னா காலைல நீ பிடிச்சு இழுத்து ரப்பரக் கிழிச்சு வைப்ப."

"கிழிஞ்சா உனக்கு நல்லதுதானே. எம்மகன்கிட்ட கோள் மூட்டினவ."

"கோளா? முட்டி வலில அம்மாவுக்குக் கூரை நடுவுல கை எட்டல, நீளக் கம்பு வச்ச பிரஷ் ஒண்ணு வாங்கி அனுப்புடான்னேன். அதுக்கு அவன் சாவியக் கேட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

கூரை நடுவில் ஒரு சாண் பனி நின்றிருக்கலாம். இல்லை என்று சொல்லவில்லை.

"உன் வண்டி எங்க?" என்றேன். அவள் கொட்டகை காலியாக இருந்தது.

"நவம்பர்லயே என் பையன் வித்துட்டான். உன் வண்டியும் போயிட்டா தெருவுல நான் யாரத் திட்டுறது? வியாழக்கிழமை குளிக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போன்னு கேக்கலாம்னு இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல."

என் மூஞ்சிக்கு என்னவாம்?

ஜனவரி 16, வியாழன்

கூட்டிக்கொண்டு போனேன். வெந்நீரில் இறங்குவதற்கு முன்னால் என் முதுகைத் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தெரிகிறது.

பிப்ரவரி 1, சனி

நேற்றுச் சாயங்காலம் தகாயோஷி வந்தான், வாடகைக் காரில். அதை நிறுத்த இடம் வேண்டுமென்று என் லாரியை அவனே தள்ளி நிறுத்தினான்.

காலையில் கையை நீட்டினான். "சாவி."

"ஓட்டிக் காட்டுறேன், பாரு. அப்புறம் கேளு."

நோபு நீளக் கம்பு பிரஷோடு வந்தாள். தகாயோஷி அனுப்புவான் என்று காத்திராமல் அவளே வாங்கியது. கூரை அவளுக்கு, கண்ணாடியும் சைலன்சரும் எனக்கு. ஒரு பொட்டுப் பனி விடவில்லை. ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்சக்கரம் அசையவில்லை.

தகாயோஷி பெருமூச்சு விட்டான். "பாத்தியாம்மா? இதுக்குத்தான் சொல்றேன்."

நான் கீழே பார்த்தேன். ஹேண்ட்பிரேக் மேலே இழுத்து நின்றது. இந்தக் குளிரில் கியரில் போட்டுவிட்டு இறங்குவோமே தவிர, எங்கள் ஊரில் யாரும் அதைத் தொடமாட்டோம். இழுத்தால் அப்படியே உறைந்துவிடும்.

"நேத்து நிறுத்தினது யாரு?"

அவன் காது சிவந்தது. "கை பழக்கத்துல..."

நோபு பிரஷை ஊன்றிக்கொண்டாள். "இங்கயே பிறந்து வளந்த பய. மறதி ஜாஸ்தியாயிடுச்சு போல. அவன் சாவிய வாங்கி வச்சுக்கடி, ஃபுசா."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். மரச்சுத்தியலால் சக்கரத்தைத் தட்டச் சொன்னேன். மண்டி போட்டுத் தட்டினான். முன்னும் பின்னும் இரண்டு ஆட்டு ஆட்டினதும் 'டொக்' என்று விட்டது.

நோபு ஏறிக்கொண்டாள். என் லாரியில் இரண்டே சீட்டு.

"நான்?" என்றான்.

"வாசல் பனிய அள்ளி வை. வந்துடுறோம்."

பிப்ரவரி 2, ஞாயிறு

தகாயோஷி போய்விட்டான். சாவி ஆணியில்தான் தொங்குகிறது.

சாயங்காலம் வலது வைப்பரை நான் தூக்கினேன், இடதை நோபு. வேலி விஷயத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை வண்டியில் நானே எடுப்பேன். ஓடும் வண்டியிலிருந்து எங்கே இறங்கிப் போவாள்?